கைப்பேசியின் முகப்பும் அங்கத்தினரின் பணமும்

தறிக்குழியில் அமர்ந்து நெசவு செய்பவரும், வரப்பில் நின்று மடை திருப்புபவரும் இன்று கைப்பேசியின்றி இருப்பது அரிதாகிவிட்டது. நெய்த கூலி பாங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட செய்தி, பயிர்க்கடனின் தவணைத் தேதி, சந்தை விலை, சங்கத்தின் பொதுக்கூட்ட அறிவிப்பு ஆகிய யாவும் இக்கருவியின் வாயிலாகவே வந்து சேருகின்றன. இதனைக் கையில் எடுத்தவுடன், திறப்பதற்கு முன்னரே கண்ணில் படுவது பூட்டுத்திரை. 'லாக் ஸ்கிரீன்' என்று கடைக்காரர்கள் சொல்வது இதுவே. பேரக்குழந்தையின் படத்தையோ குலதெய்வத்தின் படத்தையோ மாட்டி வைப்பதற்கான ஒரு சட்டம் என்ற அளவிலேயே நம்மில் பலர் இதனைக் கருதி வருகின்றனர். படம் வைப்பதில் குற்றமொன்றுமில்லை. ஆயின், அப்படத்தின் மேல் வேறு என்னென்ன எழுத்துக்கள் தோன்றுகின்றன என்பதைக் கவனித்தவர் சிலரே.

நமது பழைய வீடுகளின் அமைப்பை நினைவுபடுத்திக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். திண்ணை வீட்டைச் சேர்ந்ததுதான். எனினும் வழிப்போக்கரும் அதில் அமரலாம். அங்கே கோலமிடுவோம், விளக்கு வைப்போம். நகைப் பெட்டியையும் கடன் பத்திரத்தையும் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவை மட்டும் தாழிட்டுக்கொண்டு உறங்குவார் உண்டோ? பூட்டுத்திரை என்பது கைப்பேசியின் திண்ணை. அருகில் இருப்பவர் எவரும், திறவுகோல் எதுவும் இன்றியே, அதனைப் படிக்கலாம்.

தொடக்கத்தில் இத்திரைக்கு இவ்வளவு முக்கியத்துவம் இருந்ததில்லை. பொத்தான்கள் கொண்ட பழைய கைப்பேசிகளில், சட்டைப்பையில் கிடக்கும்போது தானாக அழுந்தி எவருக்கேனும் அழைப்புப் போய்விடாதிருக்கவே பூட்டு ஏற்பட்டது. 2007-ஆம் ஆண்டில் வந்த முதல் ஐபோனிலும், விரலால் ஓரிடத்தை நகர்த்தித் திறப்பதே முறையாக இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்புத்தான் வந்த செய்திகளையெல்லாம் பூட்டுத்திரையின் மீதே வரிசையாகக் காட்டத் தொடங்கியது. அவற்றின் உட்பொருளை மறைக்கும் வசதியையும் அதே பதிப்பு கொண்டுவந்தது. முதல் வசதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். இரண்டாவது வசதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. 2022-இல் ஐபோனும் 2023-இல் ஆண்ட்ராய்டும் கடிகாரத்தின் எழுத்து, வண்ணம், படம் ஆகியவற்றை விரும்பியவாறு மாற்றிக்கொள்ள இடமளித்த பின்னர், அலங்காரம் செய்வோர் தொகை பெருகியது.

திண்ணையில் கிடக்கும் திறவுகோல்

இணையத்தின் வழியே பாங்கி அட்டையைக் கொண்டு பொருள் வாங்கும்போது, அட்டையில் அச்சிட்டுள்ள விவரங்கள் மட்டும் போதா. அதற்கு மேலும் ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பது நமது நாட்டில் 2009-ஆம் ஆண்டு முதல் ரிசர்வ் பாங்கியின் விதி. நடைமுறையில் பெரும்பாலும் அச்சரிபார்ப்பு, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறை எண்ணாக, அதாவது ஓ.டி.பி.யாக இருக்கிறது. இந்த எண்ணை எவரிடமும் சொல்லாதீர் என்று பாங்கிகள் ஓயாது எச்சரிக்கின்றன. நாமும் வாய்திறந்து சொல்வதில்லை. ஆனால் நமது கைப்பேசி சொல்லிவிடுகிறது.

ஓர் அங்கத்தினர் தமது கைப்பேசியின் உறைக்குள் ஏ.டி.எம். அட்டையைச் செருகி வைத்திருப்பதாகக் கொள்வோம். இவ்வழக்கம் நம்மிடையே மிகுதி. பர்சு வேறு, கைப்பேசி வேறு என்று இரண்டைச் சுமப்பானேன் என்பது அவர் எண்ணம். பேருந்திலோ சந்தையிலோ அக்கைப்பேசி கைமாறிவிடுகிறது. எடுத்தவனுக்கு அதனைத் திறக்கும் எண் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமுமில்லை. அட்டையின் முன்புறத்திலும் பின்புறத்திலும் உள்ள எண்களைத் தன்னுடைய கைப்பேசியில் தட்டுகிறான். அட்டைக்கு இணைய வாணிபத்திற்கான அனுமதி இருந்துவிட்டால், அடுத்த கணமே அங்கத்தினரின் பூட்டிய கைப்பேசி 'டிங்' என்று ஒலித்து, ஆறு இலக்க எண்ணைப் பூட்டுத்திரையின் மீது பளிச்சென்று காட்டுகிறது. பூட்டு உடையவில்லை; பணம் போய்விட்டது.

இதைத் தடுப்பதற்குப் பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'நோட்டிபிகேஷன்ஸ்' என்னும் அறிவிப்புகள் பிரிவிற்குச் செல்க. சில கைப்பேசிகளில் இது 'லாக் ஸ்கிரீன்' என்னும் பிரிவிற்குள்ளேயே இருக்கும். அங்கே பூட்டுத்திரையில் என்ன காட்டலாம் என்பதற்கு மூன்று வழிகள் தரப்பட்டிருக்கும்: எல்லாவற்றையும் காட்டுவது, செய்தி வந்திருப்பதை மட்டும் காட்டி உட்பொருளை மறைப்பது, எதையுமே காட்டாதிருப்பது. நடுவில் உள்ளதே நமக்கு ஏற்றது. குறுஞ்செய்தி வந்திருக்கிறது என்பது தெரியும்; அதில் என்ன இருக்கிறது என்பது பூட்டைத் திறந்தவருக்கே தெரியும். ஐபோனில் அறிவிப்புகள் பிரிவில் முன்னோட்டம் என்னும் இடத்தில், 'திறந்த பின்னரே காட்டு' என்ற பொருளுடைய வரியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முகத்தைக் கண்டு திறக்கும் ஐபோன்களில் இது முதலிலிருந்தே அவ்வாறு அமைந்திருக்கும். இருப்பினும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. செய்த பிறகு சோதித்துப் பார்ப்பதும் எளிது. கைப்பேசியைப் பூட்டிவிட்டு, வீட்டில் உள்ள ஒருவரைக் குறுஞ்செய்தி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். சொற்கள் தெரிந்தால் வேலை முடியவில்லை என்பது பொருள்.

இணையத்தில் பொருள் வாங்கும் பழக்கமே இல்லாதவர், பாங்கியில் சொல்லித் தமது அட்டைக்கு இணைய வாணிப அனுமதியை நிறுத்திவைத்துக்கொள்ளலாம். உறைக்குள் இருக்கும் அட்டையை எடுத்து வேறிடத்தில் வைப்பதும் இன்றே செய்யத்தக்கது.

வாட்ஸ்அப் கணக்கின் விஷயமும் இவ்வாறானதே. வேறொரு கைப்பேசியில் ஒருவருடைய கணக்கை ஏற்ற முயன்றால், ஆறு இலக்க எண் ஒன்று அவருடைய எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. பூட்டுத்திரையில் அதைப் படித்தவன் கணக்கைக் கவர்ந்துகொள்ளலாம். அதன் விளைவு அந்த ஒருவரோடு நிற்பதில்லை. சங்கத்தின் குழுவில் உள்ள அத்தனை அங்கத்தினர்களுக்கும், அவர் பெயராலேயே, 'அவசரம், ஐயாயிரம் அனுப்புங்கள், மாலையில் தருகிறேன்' என்ற செய்தி போகும். நாணயமுள்ளவரின் பெயர் என்பதால் கொடுப்பவரும் இருப்பார்கள். 2017 முதல் வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற வசதி உள்ளது. தாமே தேர்ந்துகொண்ட இன்னோர் ஆறு இலக்க எண்ணையும் அது கேட்கும். சங்கக் காரியதரிசிகளும் நிர்வாகக் குழுவினரும் இதனை அவசியம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

பூட்டுத்திரையை எவ்வளவு அடக்கி வைத்தாலும் மற்றொரு வழி திறந்திருக்கிறது. சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் செருகினால், ஓ.டி.பி. அங்கே வந்துவிடும். சிம் அட்டைக்கென்றே தனியாக ஒரு பூட்டு எண் வைக்கும் வசதி, பொத்தான் கைப்பேசிக் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. அதை இயக்கினால் ஒவ்வொரு முறை கைப்பேசியை அணைத்து ஏற்றும்போதும் அந்த எண்ணைத் தர வேண்டும். ஆனால் ஜாக்கிரதை தேவை: மூன்று முறை தவறான எண்ணைத் தந்தால் சிம் அடைபட்டுவிடும், பிறகு 'பி.யு.கே.' என்னும் எட்டு இலக்க எண்ணைச் சேவை நிறுவனத்திடம் பெற்றே திறக்க இயலும். ஆகவே, முதன்முதலில் உள்ள எண் யாது என்பதை நிறுவனத்திடம் கேட்டறிந்த பின்னரே இவ்வேலையில் இறங்குக. ஊகித்துப் பார்ப்பது வேண்டாம்.

தேய்ந்த விரலும் நான்கு இலக்கமும்

விரல்ரேகையை வைத்துத் திறப்பது மிகச் சுலபம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. எழுதுகோல் பிடிக்கும் விரலுக்கு அது சுலபமே. பாவு பிணைத்தும், சாயத்தில் நனைந்தும், மண்வெட்டி பிடித்தும் தேய்ந்த விரல்களின் நிலை வேறு. நியாயவிலைக் கடையில் ரேகை பதியாமல் திரும்பத் திரும்பக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் முதியோரை நாம் காண்கிறோம் அல்லவா? அதே இடையூறு கைப்பேசியிலும் நேரும். இதற்கு ஓரளவு பரிகாரமுண்டு. ஒரே விரலை இரண்டு முறை, இரு தனி விரல்களைப் போலப் பதிந்து வைக்கலாம். அதிகம் வேலை செய்யாத கையின் விரலைப் பதியலாம். சாயமும் ஈரமும் இல்லாத ஓய்வு நாளில் பதிவது நல்லது.

முகத்தைக் கண்டு திறக்கும் முறை எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே தரத்தில் இல்லை. முகத்தின் மேடு பள்ளங்களையும் அளக்கும் தனிக் கருவிகள் விலையுயர்ந்த சிலவற்றிலேயே உள்ளன. மலிவான பலவற்றில் சாதாரணக் காமிராதான் முகத்தைப் பார்க்கிறது. 2019-ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்தின் நுகர்வோர் சங்கம் 110 வகைக் கைப்பேசிகளைச் சோதித்தபோது, 42 வகைகள் உரியவரின் நிழற்படத்தைக் காட்டியதுமே திறந்துகொண்டன. ஆதலால் குறைந்த விலைக் கைப்பேசியில் முகத்தை நம்பாதிருப்பதே மேல்.

புள்ளிகளை இணைத்துக் கோடு வரையும் முறை நம்மவரிடையே பிரசித்தம். ஒன்பது புள்ளிகளில் குறைந்தது நான்கை இணைத்து 3,89,112 வகைக் கோலங்கள் வரையலாம் என்பது கணக்கு. தொகை பெரிதே, எனினும் பெரும்பாலோர் வரைவது தம் பெயரின் முதல் ஆங்கில எழுத்தையோ, ஓரத்தில் தொடங்கும் எளிய வளைவையோதான். அன்றியும், எண்ணெய்ப் பசையுள்ள விரல் கண்ணாடியின்மேல் தடத்தை விட்டுவிடுகிறது. 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தார் இத்தடங்களைத் தக்க வெளிச்சத்தில் படமெடுத்து, பல சமயங்களில் கோலம் முழுவதையுமே கண்டறிந்து காட்டினர்.

எஞ்சியது எண். நான்கு இலக்கத்தில் 10,000 எண்களே உள்ளன. ஆறு இலக்கத்தில் 10,00,000. இரண்டே விரல்தட்டு கூடுதல். காவலோ நூறு மடங்கு. பிறந்த ஆண்டு, வண்டி எண், 1234, 0000 ஆகியவற்றை விலக்குக. பணம் அனுப்பும் யு.பி.ஐ. எண்ணையே பூட்டுக்கும் வைப்பது ஒரு சாவியைக் கொண்டு வாசலையும் பெட்டியையும் பூட்டுவது போலாம். ரேகையும் முகமும் இருந்தாலும் இந்த எண்ணே அடிப்படை. கைப்பேசியை அணைத்து ஏற்றினால் அது கேட்பது இதைத்தான்.

பாட்டரியின் கணக்கு

அலங்காரத்தால் பாட்டரி வீணாகிறதா என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. வயலில் மின்னேற்ற வசதி கிடையாது. மின்தடை வந்தால் வீட்டிலும் இல்லை. கைப்பேசியின் உறுப்புகளில் மின்சாரத்தை மிகுதியாக உண்பவற்றுள் திரை முதன்மையானது. கறுப்புப் படம் வைத்தால் பாட்டரி மிச்சம் என்ற பேச்சு எங்கும் பரவியிருக்கிறது. இது பாதி உண்மை. 'ஓ.எல்.இ.டி.' அல்லது 'அமோலெட்' எனப்படும் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடுவது. கறுப்பாக உள்ள புள்ளி அணைந்தே இருக்கும். 'எல்.சி.டி.' திரையிலோ பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கறுப்பு என்பது அதன்மேல் போர்த்திய திரைச்சீலை மட்டுமே. அதில் கறுப்பினால் சிக்கனம் ஏற்படாது. நம்முடையது எவ்வகை என்றறிய, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, முழுக் கறுப்பான படம் ஒன்றைத் திரையில் நிறையத் திறந்து ஒளியைக் கூட்டிப் பாருங்கள். சாம்பல் நிறமாக மங்கி ஒளிர்ந்தால் எல்.சி.டி.; திரை இருப்பதே தெரியாதபடி இருண்டுபோனால் மற்றது.

ஓ.எல்.இ.டி. திரையிலும் சிக்கனத்தின் அளவு வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக் கழகத்தார் 2021-இல் சில செயலிகளை வைத்து அளந்தனர். ஒளியை முழுமையாக வைத்தபோது, வெள்ளைப் பின்னணியிலிருந்து இருண்ட பின்னணிக்கு மாறியதால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாயிற்று. வீட்டிற்குள் நாம் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீத ஒளியில் மிச்சமோ 3 முதல் 9 சதவீதமே. வெயிலில் நின்று ஒளியைக் கூட்டிப் பார்க்கும் விவசாயிக்குக் கறுப்பு ஆதாயம். நிழலில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கு அவ்வளவில்லை.

உண்மையில் பூட்டுத்திரையைப் பொறுத்தமட்டில், படத்தின் நிறத்தைக் காட்டிலும் அது எத்தனை முறை விழித்தெழுகிறது என்பதே பெரிது. நாளொன்றுக்கு நூறு செய்திகள் வருவதாகவும், ஒவ்வொன்றுக்கும் திரை பத்து வினாடி எரிவதாகவும் வைத்துக்கொண்டால், ஆயிரம் வினாடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிஷம், எவரும் பாராமலே திரை எரிந்திருக்கிறது. இந்த நூறில் நமக்கு வேண்டியவை பத்தும் இரா. மற்றவை காலை வணக்கப் படங்களும் தள்ளுபடி விளம்பரங்களும். குழுக்களின் ஓசையையும் அறிவிப்பையும் அடக்கிவிட்டால் பாட்டரியும் மிஞ்சும், தறியில் கவனமும் சிதறாது. பாங்கி, சங்கம், குடும்பத்தார் ஆகியோரின் செய்திகளுக்கு மட்டும் திரை விழித்தால் போதும். கையில் எடுத்தாலே விழிப்பது, தொட்டாலே விழிப்பது ஆகியவற்றையும் வேண்டாதவர் நிறுத்திவிடலாம். திரை தானாக அணையும் நேரத்தை 30 வினாடியாக வைப்பது பாட்டரிக்கும் நல்லது, அந்தரங்கத்திற்கும் நல்லது.

எப்போதும் மணி காட்டிக்கொண்டிருக்கும் திரையைப் பற்றியும் ஒரு சொல். இது கறுப்புப் பின்னணியில் சில புள்ளிகளை மட்டும் எரியவிடுவது. 2016-இல் சாம்சங் நிறுவனம் இதனைத் தன் கைப்பேசியில் புகுத்தியபோது, மணிக்கு ஒரு சதவீதத்திற்கும் குறைவாகவே செலவாகும் என்றது. சிறிய தொகைதான், ஆயினும் பதினாறு மணி நேரத்திற்குக் கூட்டிப் பாருங்கள். இரண்டு கைகளும் நாடாவிலும் அச்சிலும் ஈடுபட்டிருக்க, தொடாமலே மணி பார்க்க விரும்பும் நெசவாளருக்கு அச்செலவு தகும். மடியில் செருகிக்கொண்டு வயலுக்குச் செல்பவருக்குத் தேவையில்லை. அசையும் படங்கள் எவருக்கும் தேவையில்லை என்பது என் கருத்து. நீர்வீழ்ச்சி ஓடுவதைத் திரையில் காட்ட, உள்ளிருக்கும் இயந்திரம் ஓயாது உழைக்க வேண்டியிருக்கிறது.

இனி அலங்காரம். கடிகாரத்தைப் பெரிதாக வைப்பது கண் மங்கிய முதியோருக்கு உதவி. எழுத்துக்கள் தெளிவாகத் தெரிய, கூட்டமில்லாத படமாகத் தேர்ந்துகொள்க. நெசவாளருக்கு ஓர் எச்சரிக்கை: இன்னும் சந்தைக்கு வராத புதிய புட்டாவையோ கரையையோ பெருமையுடன் பூட்டுத்திரையில் வைப்போர் உளர். தேநீர்க் கடை மேஜையில் கைப்பேசி கிடக்கும்போது அடுத்த ஊர்ப் பட்டறைக்காரரும் அதைப் பார்க்கிறார். விற்றுத் தீர்ந்த சேலையின் படத்தை வையுங்கள்.

அழகிய பூட்டுத்திரை தருவதாகச் சொல்லி இலவசமாகக் கிடைக்கும் செயலிகளை ஏற்றிக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை. அவை உண்மையான பூட்டின்மேல் போர்த்தப்படும் சீலைகளே. அறிவிப்புகளையெல்லாம் படிக்கவும், மற்றச் செயலிகளின் மேல் தோன்றவும் அனுமதி கேட்பவை அவற்றுள் பல. அறிவிப்புகளைப் படிக்க விடுவது ஓ.டி.பி.யைப் படிக்க விடுவதேயாகும். கைப்பேசியோடு கூடவே வருபவையும் உண்டு. பெங்களூரிலிருந்து இயங்கும் 'கிளான்ஸ்' என்ற சேவை இந்தியாவில் விற்பனையாகும் பல கைப்பேசிகளின் பூட்டுத்திரையில் படங்களையும் செய்திகளையும் விளம்பரங்களையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவை இணையத்திலிருந்து இறங்குவதால் டேட்டாவும் மின்சாரமும் செலவாகும் என்பதை அறிந்து வைத்துக்கொள்க. செட்டிங்ஸில் பூட்டுத்திரைப் பிரிவிலேயே அதனை நிறுத்த வழியிருக்கிறது.

திண்ணையில் எழுதி வைக்கத்தக்கதும் ஒன்று உண்டு. கைப்பேசிக்கு உரியவரைப் பற்றிய ஒரு வரியைப் பூட்டுத்திரையில் காட்டும் வசதியைப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் காணலாம். 'இது கிடைத்தால் இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும்' என்று எழுதி, மனைவி, மகன் அல்லது சங்கக் காரியாலயத்தின் எண்ணைத் தருக. தம்முடைய எண்ணையே எழுதுவதால் பயனில்லை. அது ஒலிப்பது தொலைந்துபோன கைப்பேசியில்தானே! ஆதார் எண்ணையோ வீட்டு விலாசத்தையோ எழுதலாகாது. இரத்த வகை, நோய், உறவினர் எண் ஆகியவற்றை அவசரத் தகவல் என்னும் இடத்தில் பதிந்து வைத்தால், விபத்துக் காலத்தில் பூட்டைத் திறவாமலே பிறர் காண இயலும்.

கைப்பேசி போய்விட்டதென்று தெரிந்தவுடன், தேடிக்கொண்டிருப்பதற்கு முன் சிம்மை நிறுத்துமாறு சேவை நிறுவனத்திற்கும், கணக்கைக் காக்குமாறு பாங்கிக்கும் வேறொருவர் கைப்பேசியிலிருந்து சொல்லிவிட வேண்டும். நேரம் இங்கே பணம். அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதைப் பற்றி ரிசர்வ் பாங்கி 2017 ஜூலையில் வணிக பாங்கிகளுக்கும், அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவு பாங்கிகளுக்கும் சுற்றறிக்கை விடுத்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டமாயினும், அவர் பாங்கிக்குத் தெரிவித்த பிறகு நேருவது பாங்கியைச் சாரும் என்பது அதில் கண்ட விதி. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்க. போலீஸில் எழுதிக் கொடுத்த புகாரின் நகலுடன், 2023 மே மாதத்தில் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிந்தால், அக்கைப்பேசி எந்தச் சிம்முடனும் இயங்காதபடி தடுக்கப்படும். அதற்குக் கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். *#06# என்று தட்டினால் அது திரையில் தோன்றும். கைப்பேசி கையில் இருக்கும்போதே அதைப் பார்த்து, சங்கத்தின் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மையினால் எழுதி வைத்துக்கொள்க.